துப்பாக்கிக் கட்டையில் அரை அங்குலம்

6 ஏப்ரல் 2024, சனி. சுங்கை சிப்புட், மலேசியா
நேற்று இரவும் காட்டுப்பன்றிகள் செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டன. துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம், தோளில் வைக்கும் மரக்கட்டையின் பின்முனை அக்குள் பக்கம் சட்டையில் மாட்டுகிறது. முன்பு வைத்திருந்தவர் நல்ல உயரம்; எனக்கு அது நீளம். குறைத்தே ஆக வேண்டும்.

தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துக் குழலைக் கழற்றினேன். கட்டையின் பின்முனையை மூடும் பின்தகட்டின் திருகுகளை எடுத்தால் உள்ளே ஆழமான துளை, அதன் அடியில் கட்டையை இரும்போடு பிடிக்கும் போல்ட். நீண்ட ஸ்குருடிரைவர் இருந்ததால் தப்பித்தேன். இரும்புப் பாகங்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மரத்தை மட்டும் ஐந்தடிக்கு, அதாவது வீட்டு முன்தாழ்வாரத்துக்கு, எடுத்து வந்தேன்.

மச்சான் தன் துப்பாக்கியையும் கொண்டு வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையைவிட்டு அது போகக் கூடாது.

7 ஏப்ரல், ஞாயிறு
பழைய வார்னிஷை பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்தேன். அடியில் வால்நட், தேன் நிறத்தில் கரிய ரேகைகள்! பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஆவி புகுந்து மரம் உப்பிவிட்டது. கீறலுக்கு இது உதவாது, நார் அறுந்திருக்கும்.

10 ஏப்ரல், புதன்
பெருநாள் விடுமுறை. அரை அங்குலம் மட்டும் குறித்தேன். கூட வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. சிம்பு பெயராமலிருக்க டேப் சுற்றி, பழைய சாய்வு மாறாமல் அறுத்தேன். கட்டை முன்பக்கம் மெலிவதால் தகடு இப்போது விளிம்பைத் தாண்டி நிற்கிறது. அதை அரத்தால் ராவிச் சரி செய்தேன். உப்புத்தாளைச் சிறு மரத்துண்டில் சுற்றி ரேகை வழியே தேய்த்தேன்: முதலில் 180 எண் தாள், பிறகு இன்னும் நைசான 240, 320. இரும்பு சேரும் ஓரத்தைத் தொடவில்லை. அங்கே மரம் தாழ்ந்தால் அசிங்கம்.

14 ஏப்ரல், ஞாயிறு
சித்திரைப் புத்தாண்டு. மனம் பாயசத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை பூசிய ஆளிவிதை எண்ணெய் இன்னும் பிசுபிசுக்கிறது. தினமும் சாயங்கால மழை, காற்றில் ஈரம். நானும் கனமாகப் பூசிவிட்டேன். டர்பெண்டைன் நனைத்த எஃகுப் பஞ்சால் துடைத்து, மறுபடி ஆரம்பம். மெல்லிய பூச்சு, கால் மணி நேரத்தில் துடைப்பு, இரண்டு நாள் காயவிடுதல். எண்ணெய்த் துணிகளை மட்டும் சுருட்டி வைக்காதீர்கள். தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

22 ஏப்ரல், திங்கள்
நான்கு பூச்சு முடிந்தது. மாட்டி, வெறும் குழலோடு பத்து முறை தூக்கிப் பார்த்தேன். சட்டையில் ஒருமுறைகூட மாட்டவில்லை.