சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு எத்திக்ஸ் சான்றிதழ் கேட்டு அலையவிட்ட கதை

நீலகிரி, வயநாடு பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தநோய் எந்த அளவுக்கு இருக்கிறது என்று இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்தேன். பேப்பர் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது, ஆனாலும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நம் நீலகிரி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து எழுதியது. அந்த மலையிலேயே இருந்துகொண்டு, "ரிவ்யூதானே, நாலு பேப்பரைப் படித்து எழுதினால் ஆச்சு" என்கிறார்கள்.

புரோட்டோகால், அதாவது ரிவ்யூவை எப்படிச் செய்யப் போகிறோம் என்ற திட்டம், எழுதி பிராஸ்பெரோ என்ற ரிவ்யூ பதிவுத் தளத்தில் பதிவு செய்தது சுலபமாக முடிந்தது. கட்டணம் கிடையாது, ஆனால் டேட்டா எடுக்க ஆரம்பித்த பிறகு போனால் பதிய மாட்டார்கள்.

சிக்கல் ஆபீஸில்தான். எத்திக்ஸ் கமிட்டி சான்றிதழ் இல்லாமல் ஃபைலை வாங்க மாட்டேன் என்றார் செக்‌ஷன் கிளார்க். நான் எந்த நோயாளியையும் பார்க்கப் போவதில்லை, அச்சான பேப்பர்களைத்தான் படிக்கிறேன் சார் என்றேன். "எல்லா ஃபைலுக்கும் ஒரே ரூல்தாம்மா." கமிட்டியில் கேட்டால், இதெல்லாம் எங்களிடம் வரவே வேண்டியதில்லை என்று வாயால் சொன்னார்கள், எழுதித் தர ஆளில்லை. மறுபடி கூடலூரிலிருந்து கிளம்பினால் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்று, ஊட்டி போய்ச் சேரும்போது கிளார்க் அரை நாள் லீவில் போயிருந்தார். கடைசியில் கைகொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைக் கையேடு. பொதுவெளியில் கிடைக்கும் தரவை வைத்துச் செய்யும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் இரண்டுக்கும் விலக்கு உண்டு என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து அடிக்கோடு போட்டு, விலக்குக் கடிதமாகக் கொடுங்கள் என்று கமிட்டியில் விண்ணப்பித்தேன். கடிதம் வந்தது, ஃபைலும் நகர்ந்தது. நீங்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது இரண்டாவது ஆள். பேப்பர்களைச் சலிக்க, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு பேர் வேண்டும். ஜூனியர் பெயரைப் போட்டுக்கொள் என்றார் கைடு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூடலூரில் சமுதாய நலப் பணியில் இருக்கும் தோழியைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன், பேப்பர் சலிக்கும் ரய்யான் என்ற மென்பொருளில் ஒருவர் முடிவை மற்றவருக்கு மறைக்கும் பிளைண்ட் போட்டுத் தனித்தனியாகப் பார்த்தோம். அவள் இல்லாவிட்டால் முடிவே தப்பாகியிருக்கும். சால்யுபிலிட்டி டெஸ்ட் என்ற எளிய ரத்தப் பரிசோதனை மட்டும் செய்த ஆய்வுகளை நோய்க் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றது அவள்தான். அந்த டெஸ்ட் நோயில்லாமல் மரபை மட்டும் சுமப்பவருக்கும் பாசிட்டிவ் காட்டும், நோயாளிக்கும் பாசிட்டிவ் காட்டும். பிரித்துச் சொல்ல ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸோ எச்பிஎல்சியோ வேண்டும். அதேபோல ஒரே முகாமின் எண்கள் இரண்டு பேப்பரில் வேறு வேறு தலைப்பில் வந்திருந்ததும் அவள் கண்ணில்தான் பட்டது. ஊர், வருடம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும், இல்லையென்றால் அதே பணியர் பழங்குடிக் குடும்பங்களை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

தேடும்போது பணியர், இருளர், குறும்பர் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எத்தனை உண்டோ அத்தனையும் இடையில் 'ஆர்' (OR) போட்டுச் சேருங்கள். சமவெளியில் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் வேறு சமூகம், அவர்களின் ஆய்வுகளும் கலந்து வரும், ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். அப்புறம், முழுப் பேப்பரையும் படித்துவிட்டு ஒதுக்கியவற்றுக்குக் காரணத்தை அன்றைக்கே எழுதி வையுங்கள், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் தேடி எத்தனை வந்தது என்பதையும்தான். எத்தனை பேப்பர் கிடைத்தது, எத்தனை ஒதுக்கினோம் என்று காட்டும் பிரிஸ்மா படம் போடும்போது ஜர்னல்காரர்கள் கேட்கும் எண்கள் அவைதான். எங்கள் பேப்பரை ஜர்னலுக்காக மதிப்பிட்ட ரிவ்யூவரும் ஒரு பேப்பரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார், தோழி எழுதி வைத்திருந்த வரியை அப்படியே அனுப்பினோம், மறு கேள்வி வரவில்லை.