யூஃபோர்பியா மெலனடீனியா வரைபடம்: இதுவரை

அரிசோனாவில் டூசான் நகருக்கு வடக்கே நிற்கும் சாண்டா கட்டலினா மலைத்தொடரில் யூஃபோர்பியா மெலனடீனியா எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை பாதிக்கு வந்துவிட்டது. நம் ஊர் அம்மான் பச்சரிசிக்குப் பங்காளி இந்தச் செடி. கிள்ளினால் அதே பால் வடியும். வளர்வது மட்டும் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே, வெயில் காயும் பாறைச் சரிவுகளில்.

மூலப்பொருள், சீநெட் என்ற இணையதளத்தில் உள்ள ஹெர்பேரியம் படங்கள், அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த செடி மாதிரிகளின் படங்கள். லேபிளைப் படித்து, இடத்தைக் கண்டு, புள்ளி வைத்து, அது எவ்வளவு தூரம் தவறலாம் என்று ஒரு வட்டமும் போட வேண்டும். இந்த வட்டம்தான் உயிரை வாங்குகிறது. 1881இல் தாவரவியலாளர்களான லெமன் தம்பதி தேனிலவுப் பயணமாக வந்து ஏறிய மலை இது. உச்சிக்கு சாரா லெமனின் பெயர். அந்தக் காலத்து லேபிள்களில் பெரும்பாலும் மலையின் பெயரோடு சரி. அடிவாரத்துப் பாலைவனம் முதல் 2,790 மீட்டர் உச்சி வரை எங்கும் இருக்கலாம் என்றால் எங்கே புள்ளி வைப்பது? நில அளவைப் பிரிவு எண் எழுதியிருந்தால் நிம்மதி. ஒரு பிரிவு ஒரு சதுர மைல்; நடுவில் புள்ளி வைத்து 1.14 கிலோமீட்டர் ஆரம் கொடுத்தால் நான்கு மூலைகளும் அடங்கிவிடும். என்னைக் கேட்டால், இடம் தெரியாத அழகான தாளைவிட, இடம் தெரிந்த நொறுங்கிய தாள் மேல்.

அடையாளம் காண்பதுதான் சுவையான பகுதி. உயிருள்ள செடியில் பத்து மடங்கு லென்ஸை வைத்தால், பூ என்று நாம் நினைப்பது ஒரு குட்டிக் கிண்ணம். விளிம்பில் கருஞ்சிவப்புச் சுரப்பிகள், ஒவ்வொன்றுக்கும் இதழ்போல் ஒரு வெள்ளை ஓரம். நடுவிலிருந்து காம்போடு எட்டிப் பார்க்கும் மூன்று புடைப்புள்ள காய்தான் ஒரே பெண்பூ. ஆண்பூ ஒவ்வொன்றும் ஒற்றை மகரந்தத் தண்டு. காய்ந்த தாளில் இந்த நிற வேறுபாட்டை நம்ப முடியாது, ரோமத்தை நம்பலாம். மெலனடீனியாவின் தண்டிலும் இலையிலும் வெண்ரோமம் படர்ந்திருக்கும். பக்கத்திலேயே வளரும் இன்னொரு யூஃபோர்பியாவான ஆல்போமார்ஜினேட்டா வழவழப்பானது. அதன் இலையடிச் செதில்கள் ஒட்டி ஒரே வெள்ளைச் சவ்வாகியிருக்கும். குழப்பம் வரும்போதெல்லாம் இந்தச் செடிக் குழுவைப் பற்றி 1941இல் தாவரவியலாளர் லூயிஸ் வீலர் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் பார்க்கிறேன்.

இப்போதைக்குத் தெரிவது: புள்ளிகள் செடியின் வழியைவிட மனிதர்களின் வழியையே அதிகம் காட்டுகின்றன. 1933இல் தொடங்கி 1950இல் முடிந்த மலைச்சாலையின் கீழ்ப்பகுதியிலும், சபினோ பள்ளத்தாக்கு போன்ற எளிதில் நடக்கும் இடங்களிலும் மொய்க்கின்றன. இடையிலுள்ள முகடுகள் வெறுமை. செடி இல்லாத வெறுமையா, ஆள் போகாத வெறுமையா என்று தாள் சொல்லாது, போய்த்தான் பார்க்க வேண்டும். போனால் படம் மட்டுமே எடுக்கிறேன். தேசிய வனத்தில் அனுமதியின்றி மாதிரி சேகரிக்கக் கூடாது.

வரைபடத்தில் தீயின் எல்லை என்று இன்னொரு அடுக்கும் சேர்க்க வேண்டும். 2020 ஜூனில் மின்னல் விழுந்து பற்றிய பிக்ஹார்ன் தீ இம்மலையில் ஏறத்தாழ 1,20,000 ஏக்கரைத் தொட்டது. அடிவாரத்தில் கொழுக்கட்டைப் புல் வேறு பரவி, தீக்கு விறகு சேர்க்கிறது. நம் மேய்ச்சல் நிலத்தில் நல்ல பெயர் எடுத்த புல், இங்கே வில்லன். பழைய புள்ளிகளில் எவை தீயின் எல்லைக்குள் விழுகின்றன என்று பிரித்த பிறகு, மழைக்காலம் முடிந்ததும் மேற்குப் பக்கத்துப் பிமா பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குவதாக உத்தேசம்.