கணக்கை விடச் சொன்னார்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், மகனைக் கூட்டிக்கொண்டு அவன் போகிற கோச்சிங் சென்டருக்குப் போனேன். எட்டாம் வகுப்பிலிருந்து அங்கேதான் நீட் பவுண்டேஷன். "பியூர் சயின்ஸ் குரூப் எடுத்துருங்கம்மா. நீட்டுக்கு மேத்ஸ் எதுக்கு, வீண் சுமை" என்றார் அங்கிருந்த சார்.

அவர் சொன்னது தப்பில்லை. நீட்டில் 720க்கு 360 உயிரியலுக்கே, மீதி இயற்பியலும் வேதியியலும். ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200இல் 100 கணக்குக்கு. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த வழியை நான் ஏன் அடைக்க வேண்டும்?

என் நாத்தனார் மகள் சின்ன வயதிலிருந்தே டாக்டர்தான் என்று நின்றாள். இப்போது எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம். அவளை யாரும் தள்ளவில்லை, அவளாகவே ஓடினாள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் சீக்கிரமே ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும், நல்லதுதான்.

என் மகன் அப்படியில்லை. போன கோடை லீவில் அவன் பெரியப்பா மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போனார். தாமரைக் குளம், அய்யனார் கோயில் எல்லாம் தாண்டி மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. வீட்டுக்கு வந்தவன், டெஸ்ட்டுக்கு வைத்திருந்த ஓஎம்ஆர் தாளின் பின்பக்கத்தில் வட்டெழுத்து அகரவரிசையை எழுதிப் பழகினான். "மாணாக்கர்னு வெட்டிருக்காங்கம்மா, அங்க பள்ளிக்கூடம் மாதிரி நடந்துருக்கு" என்று ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் வந்து சொன்னான். சனி, ஞாயிறெல்லாம் வகுப்பு. அந்த மலைக்கு மறுபடி போக அவனுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

நான் 1999இல் மேலூரில் காமர்ஸ் எடுத்தேன். அண்ணன் எடுத்ததையே நானும் எடுக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. உனக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, பயோ-மேத்ஸ் என்று எழுதிக் கொடுத்தோம். வரலாறோ சட்டமோ படிக்க வேண்டுமென்றால் எந்தக் குரூப்பிலிருந்தும் போகலாம். கோச்சிங்கில் அடுத்த இரண்டு வருடப் பணம் கட்டவில்லை. "ஊரே ஓடுறப்ப நம்ம பிள்ள மட்டும் நிக்கணுமா?" என்று இவர் இரண்டு நாள் பேசவில்லை. பயம் எனக்கும் இருக்கிறது.

போன ஞாயிறு நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்துக்குப் போனோம். கல்வெட்டுப் புத்தகம் தேடுவான் என்று நினைத்தேன். நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாப்பிட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.