வட்டவிதானை சபைக்குப் போனார்

திருகோணமலையில் கிழக்கு மாகாண சபை உறுப்பினர் ஒருவரிடம் சில காலம் எழுத்து வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்; ஐயாவுக்கு அது பிடிக்காது. தம்பலகாமத்துக் கமக்காரர். சபைக்கு வருமுன் தன் வயல்வெளிக்கு வட்டவிதானையாக, அதாவது நீர் பங்கிட்டு வயல் வழக்குகளைத் தீர்ப்பவராக, இருந்தவர். யாருக்கு எப்போது தண்ணீர், இரவில் வக்கடையை (வரப்பில் நீர் பாயும் வாயை) வெட்டியது யார், யாருடைய மாடு யாருடைய கதிரை மேய்ந்தது என்பதெல்லாம் அவர் வாயால் தீர்ந்த வழக்குகள். அவருக்கு விழுந்த விருப்பு வாக்கில் (கட்சிக்குள் ஆளைத் தெரிந்து இடும் வாக்கு) கட்சிக்குப் பாதி, வாய்க்காலுக்குப் பாதி என்பது என் கணிப்பு.

விடியுமுன்பே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இடமாற்றம், சமுர்த்தி உதவிப்பணம், வீட்டுத்திட்டம், தொண்டர் ஆசிரியர் நியமனம். கடிதம் அடிப்பது என் வேலை. ஒவ்வொரு வரியின் கீழும் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வாய்க்கால் திருத்தம் கேட்டு வந்த கடிதமென்றால் உடனே கையெழுத்து விழாது. “உடைப்பு மதகுக்கு மேலேயா, கீழேயா? பார்த்துவிட்டு வந்து எழுது தம்பி” என்பார். மோட்டார் சைக்கிளை வரம்போரம் விட்டுவிட்டு, சேற்றில் இறங்கி அளந்துவந்துதான் பல கடிதங்களை எழுதினேன்.

சபையில் மொத்தம் 37 ஆசனங்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பத்து. தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் அவர் அங்கே போனார். ஆனால் 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13 ஆவது திருத்தம், நீர்ப்பாசனத்தை மாகாணத்துக்குக் கொடுத்த கையோடு, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளை அதிலிருந்து கழித்துவிட்டது. கந்தளாய்க் குளத்துக்கு மழைநீர் மட்டும் வருவதில்லை. மகாவலியின் கிளையான அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, மின்னேரியா, கவுடுல்ல குளங்கள் வழியாகக் கொண்டுவரும் நீரும் சேர்கிறது. அந்தக் குளத்து நீர்தான் தம்பலகாமத்து வயலுக்குப் பாய்கிறது. ஆகவே மதகு திருத்தக் கோரி அவர் கொண்டுவந்த பிரேரணைக்கு ஒரே வரியில் பதில் வந்தது: இது மத்திய அரசின் திட்டம். அவ்வளவுதான், அடுத்த பிரேரணைக்குப் போய்விட்டார்கள்.

“வட்டவிதானையாக இருந்தபோது மதகுத் திறப்பு என் கையில் இருந்தது. இப்போது லெட்டர் பேட் இருக்கிறது” என்றார், வாகனத்தில் ஏறும்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நியதிச்சட்ட (மாகாண சபை இயற்றும் சட்ட) விவாதங்களில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. கட்சி சொன்ன பக்கம் கை உயர்த்திவிட்டு இருந்துவிடுவார். நல்ல கமக்காரன் நல்ல சட்டவாக்குநராகிவிடுவான் என்று மேடையில் சொல்பவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

அவரை நான் மதித்தது வேறோர் இடத்தில். போகம் தொடங்குமுன் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடும் கன்னக் கூட்டத்தில்தான் முதல் தண்ணீர் என்று விடுவது, என்று நிறுத்துவது, எத்தனை மாத நெல் விதைப்பது என்பதெல்லாம் முடிவாகும். நீர்ப்பாசனச் சட்டப்படி அந்த முடிவு எல்லோரையும் கட்டும். கை உயர்த்தும் உரிமை காணிக்காரருக்குத்தான்; மாகாண சபை உறுப்பினர் என்பதற்காக யாருக்கும் கிடைக்காது. அதனால் மேடை நாற்காலியை மறுத்துவிட்டுக் கமக்காரர் வரிசையில் போய் இருப்பார். பணிவு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். பணிவுமில்லை, ஒன்றுமில்லை, அது வாக்குக் கணக்கு.

ஒரு சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த பருவத்துப் பயிரில், குளத்து நீர் குறைவு. மேல் வாய்க்கால்காரர் மூன்றரை மாத நெல் கேட்டார்கள். கடைசி வயல்களுக்கு அது வைக்கோலாகத்தான் முடியும். ஐயா இரண்டு நாள் முன்பே கந்தளாய்ப் பக்கம் போய், தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், வீடு வீடாகப் பேசியிருந்தார். கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. மூன்று மாத இனம் என்று முதலில் எழுந்து சொன்னவர் மேல் வாய்க்காலைச் சேர்ந்த ஒரு சிங்களக் கமக்காரர்.

2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. அவர் வயலுக்குத் திரும்பினார். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது ஊரவர்கள் வந்து, பழைய லெட்டர் பேட்டில் ஒரு கடிதம் அடித்துத் தரச்சொல்லிக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். வெற்றுத்தாளில் தன் பெயரையும் காணி அளவையும் எழுதி, மற்றக் கமக்காரர்களின் கையெழுத்துகளோடு தன்னுடையதையும் வைத்து, கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பினார்.