முழு ஊரடங்கில் பிரசவம்: ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து

2020, அதாவது அழகர் ஆற்றில் இறங்காத வருஷம், எனக்கு ஜூலையில் தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரை மதுரையில் ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் அங்கே ஷட்டரை இறக்கிவிட்டார்கள், போன் போட்டால் ரிங் போகும், எடுக்க ஆள் கிடையாது. சரி, பெரியாஸ்பத்திரி இருக்கிறதே என்றால், தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனது மார்ச் 25ஆம் தேதி அங்கேதான், பேச்சை எடுத்தாலே என் மாமியார் அழ ஆரம்பித்துவிடுவார்.

கைகொடுத்தது ஊர் நர்சம்மா. நான் தனியாரில் பார்த்தாலும் மூன்றாவது மாதமே வீடு தேடி வந்து, பெயர் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிக் கொடுத்திருந்தார். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் இந்த எண் வேண்டும். அதைச் சொன்னதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபேச்சில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று ஆளுக்கொரு நேரம் சொல்லி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு எடையும் பிரஷரும் பார்த்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். போக முடியாத நாளில் நர்சம்மாவே போனில் கேட்பார்: முகம் வீங்குதா, தலைவலி விடாம இருக்கா, கண்ணு மங்குதா, சாப்பிட்டு ஒருக்களிச்சுப் படுத்தா பிள்ளை அசையுதா? "இதுல எது சரியில்லைன்னாலும் கொரோனாவுக்குப் பயந்துக்கிட்டு வீட்டுல உக்காந்திராத, 108க்கு அடி" என்று சொல்லாமல் போனை வைத்ததே இல்லை.

ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சியிலும் சுற்றியுள்ள ஒன்றியங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு, எங்கள் கிழக்கு ஒன்றியமும் அதில் அடக்கம். அது முடிவதற்குள் ஒரு ராத்திரி எனக்கு வலி எடுத்துவிட்டது. கொரோனாக்காரர்களுக்குத் தனி 108 வண்டி ஓடுகிறது என்று முன்பே சொல்லியிருந்ததால் தைரியமாக ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக மூக்கில் குச்சியை விட்டு சளி எடுத்து, ரிசல்ட் வராதவர்களுக்கென்று இருந்த அறைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பையன் வந்துவிட்டான்! டெஸ்ட் எடுக்கவில்லை என்பதற்காகப் பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) அந்த மே மாதமே சொல்லியிருந்தது. ஆனாலும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியை, ரிசல்ட்டோடு வா என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. எனக்கு நெகட்டிவ் என்றுதான் வந்தது. மாஸ்க்கோடு முக்குவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

துணைக்கு ஒரே ஆள், மாற்றக் கூடாது, அதனால் அம்மாதான் கடைசிவரை. வீட்டுக்காரர் பிள்ளையை வாட்ஸ்அப்பில் பார்த்தார். கேட்டில் வைத்துவிட்டுப் போகும் தூக்குச்சட்டியில் பிளாஸ்திரி ஒட்டி என் பெயரை எழுதியிருப்பார், ரசம் சிந்தி பாதி எழுத்து அழிந்திருக்கும், அம்மா கைப்பிடி நெளிவை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் அறையிலிருந்த ஒரு பெண்ணுக்கு பாசிட்டிவ் வந்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள். பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடு என்று அவள் மாமியார் போனில் ஒரே சத்தம். ஸ்டாஃப் நர்ஸ் போனை வாங்கி, "பாலு வழியா கொரோனா வர்றதா இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலம்மா. கையைக் கழுவி, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுக் குடுக்கட்டும், நீங்க அவளைப் போட்டுப் படுத்தாதீங்க" என்று வைத்துவிட்டார். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொன்னது, ஆனால் அந்த மாமியாரிடம் சொல்ல நர்ஸ்தானே வேண்டியிருந்தது.

பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆகிவிட்டன. ஒன்றரை மாத ஊசி அங்கன்வாடியில், மறுபடி ஆளுக்கொரு நேரம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி இரண்டாவது அலையில் மாட்டிக்கொண்டது. நர்சம்மா ஒரு மத்தியானம் கூப்பிட்டு, யாருமில்லை உடனே வா என்றார், ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம்.

2021 ஜூலை தொடக்கத்தில் கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தபோது என் நாத்தனாருக்கு ஆறாவது மாதம். போடலாமா கூடாதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்ல, அவள் யாரிடமும் சொல்லாமல் நர்சம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.