நீலமாக இருந்தால் மட்டும் கோவெலைட் ஆகிவிடாது

செம்புத் தாது ஒன்று அவுரி நீலத்தில் மின்னினால் உடனே கோவெலைட் (செம்பும் கந்தகமும் சேர்ந்த நீலக் கனிமம்) என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது காற்றுப்பட்டு நிறம் மாறிய போர்னைட் அல்லது சால்கோபைரைட் என்ற வேறு செம்புக் கனிமம்தான். ஊசியால் கீறிப் பாருங்கள். அந்த இரண்டிலும் நீலம் மேற்பூச்சு மட்டுமே. அடியில் போர்னைட் செம்பழுப்பாகவும் சால்கோபைரைட் பித்தளை மஞ்சளாகவும் தெரியும். கோவெலைட் உள்ளேயும் நீலம். மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 1.5 முதல் 2 வரைதான், நகமே கீறிவிடும். பீங்கான் தட்டில் தேய்த்தால் ஈயச் சாம்பல் கோடு விழும். மைக்கா போல ஒரே திசையில் தகடு தகடாக உரியும், மெல்லிய தகடு வளையவும் செய்யும். அமெரிக்காவில் பியூட், சார்டினியாவில் கலபோனா சுரங்கத் துண்டுகளில் இந்தத் தகடுகளைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நனைந்த இடம் ஊதாவாகும். காய்ந்ததும் நீலம் திரும்பும். படிகத்துக்குள் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரியும்; அதில் சாதாரணக் கதிர் எனப்படுவதற்கு இதன் ஒளிவிலகல் எண் சோடியம் மஞ்சள் ஒளியில் சுமார் 1.45. தண்ணீருக்கு 1.33, நுண்ணோக்கியில் லென்சுக்கும் துண்டுக்கும் நடுவே விடும் எண்ணெய்க்கு 1.515. கனிமத்தின் எண்ணும் திரவத்தின் எண்ணும் நெருங்கும்போது மஞ்சளின் எதிரொளிப்பு சரிந்து, நீலமும் சிவப்பும் மிஞ்சுகின்றன. எண்ணெயில் ஊதா இன்னும் அழுத்தமாகத் தெரிவது அதனால்தான்.

இந்த எண்ணெய்ச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 1980-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து விவரிக்கப்பட்ட யாரோவைட், ஸ்பியோன்கோபைட் என்ற இரண்டு செம்பு-கந்தகக் கனிமங்களும் காற்றில் பார்த்தால் கோவெலைட் போலவேதான் இருக்கும். எண்ணெயில் அவை நீலமாகவே நிற்கும்.

மெருகேற்றிய துண்டை எதிரொளி நுண்ணோக்கியில் போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி) மட்டும் போட்டுச் சுழற்றினால் ஆழ்நீலம் நீலவெண்மையாக மாறும். அனலைசர் என்ற இரண்டாவது வடிகட்டியையும் குறுக்கே போட்டால் தணல் ஆரஞ்சு எரியும். வேறெந்தக் கனிமத்திலும் எளிதில் காணமுடியாத அழகு அது. ஆனால் பிளவுத் தளத்துக்கு (தகடுகள் உரியும் தளம்) இணையாக வெட்டுப்பட்ட துகளில் இது எதுவும் நடக்காது. சுழற்றினாலும் நிறம் அசையாது, ஆரஞ்சும் வராது. அதை வைத்து வேறு கனிமம் என்று முடிவுகட்டாமல், பிளவுக் கோடுகள் தெரியும் பக்கத்துத் துகளைப் பாருங்கள்.

மெருகேற்றுவதுதான் சிரமம். பக்கத்தில் பைரைட் இருந்தால் மென்மையான கோவெலைட் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகிவிடும், விளிம்பில் ஃபோகஸ் கிடைக்காது. கடைசி 1 மைக்ரான் வைரப் பசைக்குக் குட்டையிழைத் துணி, குறைந்த அழுத்தம், குறைந்த நேரம் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே நன்றாகக் கழுவுங்கள். தங்கிவிட்ட ஒரு பெரிய துகள் போதும், மெருகேற்றிய பரப்பு முழுக்கக் கீறல் விழ. காற்றில் பார்க்க வேண்டியதை முழுக்க முடித்துவிட்டே எண்ணெய் விடுங்கள். பிளவு இடுக்குகளில் தங்கும் எண்ணெய் துடைத்தாலும் முழுதாகப் போகாது. அதன் ஓரம் பிறகு காற்றிலும் ஊதாவாகவே தெரியும்.