5400-ஆ, 7200-ஆ?

மார்ச் 2

நண்பன் இரண்டாவது சரணத்தின் அந்த நீண்ட இழுவையை ஒருவழியாகப் பிடித்தான். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி: டிஸ்க் வேகம் போதவில்லையாம். ரெக்கார்டிங் நின்றுவிட்டது. பதினோராவது ட்ராக் (ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனியாகப் பதியும் அடுக்கு). இன்னொரு முறை பாடு என்றால் முறைக்கிறான். லேப்டாப்பில் இருப்பது 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க். "7200 வாங்கிப் போடுடா, எல்லாம் சரியாயிடும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 3

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் என்றால் நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்து குறித்த எண்), ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 144 கேபி. 24 ட்ராக் சேர்ந்து ஓடினாலும் மூன்றரை எம்பி தாண்டாது. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் ஏழு. இந்த டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலைப் படிக்கவிட்டு அளந்தேன்: நொடிக்கு 80 எம்பிக்கு மேல் வருகிறது. பிறகு எதற்கு மூச்சுத் திணறுகிறது?

மார்ச் 4

விஷயம் தாவலில் இருக்கிறது. பெரிய ஃபைல் ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது, சுழலும் தட்டின் மேல் நகர்ந்து படிக்கும் டிஸ்க்கின் கைக்கு அதிக வேலை இல்லை. பதினோரு ட்ராக் என்றால் பதினோரு ஃபைல், ஒவ்வொன்றும் தட்டில் ஒரு மூலையில். கை ஒன்றுதான். அது சரியான வட்டத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லிநொடி. அப்புறம் வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று. 5400-இல் அது 5.6 மில்லிநொடி, 7200-இல் 4.2. லேப்டாப் டிஸ்க்குகளில் கை நகரும் நேரம் இரண்டு ரகத்துக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆக ஒரு தாவலுக்கு 17.6-க்குப் பதில் 16.2. பெட்டியின் மேல் 7200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தால் இவ்வளவுதான் லாபம் என்று தோன்றுமா?

மார்ச் 5

ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொடாமல் விலக்கினேன். தேடலுக்காகப் பின்னணியில் ஓடும் இன்டெக்ஸிங்கையும் நிறுத்தினேன். பாதிப் பிரச்சினை போய்விட்டது. மீதிக்குக் காரணம் பியானோ. நிஜப் பியானோ இல்லை, ப்ளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்த்து ஓடும் துணை மென்பொருள்). அது ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை டிஸ்க்கிலிருந்து அவ்வப்போது இழுக்கிறது. பெடலை மிதித்து இரண்டு கையாலும் கார்டு வாசித்தால் பத்துப் பன்னிரண்டு ஃபைல் ஒரே சமயத்தில். பியானோவை ஆடியோவாக மாற்றி ப்ளக்இன்னை அணைத்தேன். பதினாலு ட்ராக் தடங்கலில்லாமல் ஓடியது.

மார்ச் 8

நண்பன் விடவில்லை. அவனுடைய பழைய லேப்டாப்பில் கிடந்த 7200 டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுவந்தான். 9.5 மிமீ தடிமன். நல்லவேளை, என் லேப்டாப்பில் இடம் இருந்தது (7 மிமீ மட்டுமே கொள்ளும் லேப்டாப்புகளும் உண்டு). ராத்திரி முழுக்க குளோன் ஓடியது, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகலெடுக்க.

மார்ச் 9

பியானோ சீக்கிரம் லோடு ஆகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கிசுகிசுப்பாகப் பாடும் பகுதியில் கீழே ஏதோ முனகல். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அனலைசரில் பார்த்தால் 120 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு முனை. கரன்ட் ஹம் என்று நினைத்து சார்ஜரைப் பிடுங்கினேன், போகவில்லை. டிஸ்க்கைத் தூங்கவிட்டேன், மறைந்தது. 7200-ஐ 60-ஆல் வகுத்தால் 120! தட்டு சுழலும் அதிர்வு மேசை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. பழைய டிஸ்க் 90-இல் முனகியிருக்கும். அதை லோ கட் (அடிச்சுருதிகளை வெட்டும் ஃபில்டர்) கொஞ்சம் அமுக்கிவிடும். 120-ஐ வெட்டினால் அவன் குரலின் அடியும் சேர்ந்து போகிறது.

மார்ச் 10

ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்பதாவது குறைந்ததா என்று கேட்டான். இல்லை. அது பஃபர் சமாச்சாரம், அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புவது: 256 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லிநொடி, எந்த டிஸ்க் போட்டாலும்.

மார்ச் 15

முடிவு செய்தாயிற்று. லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி, சிஸ்டமும் பியானோவின் ஒலி ஃபைல்களும் அதில். அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை, முனகலும் இல்லை. பழைய 5400-ஐ யுஎஸ்பி கேஸில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து, டேக்குகளை அங்கே பதிகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ட்ராக் 500 எம்பிக்கு மேல் தின்கிறது. சும்மா கிடக்கும் பெரிய டிஸ்க்கை ஏன் விடுவானேன். அந்த வேலைக்கு யுஎஸ்பி 2 கூடப் போதும். பவர் சேவிங்கை மட்டும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் தூங்கி எழுவதற்குள் முதல் டேக் திக்குகிறது. 7200-ஐத் திருப்பிக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் தொங்கியது.

மார்ச் 16

அதே சரணம், பத்தொன்பதாவது ட்ராக், பியானோ நேரடியாக ஓடுகிறது. இழுவைக்கு இரண்டு வரி முன்னால் பாட்டு நின்றது. வரியை மறந்துவிட்டானாம்.